கொட்டியாரக் குடாவின் சேறு

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் கோயிலைப் பற்றி எழுதினார்கள். கோட்டையைப் பற்றி எழுதினார்கள். அத்துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவரோடொருவர் மோதிக்கொண்ட கதையை எழுதினார்கள். கோணேசர் கல்வெட்டும், அந்நிய தேசாதிபதிகளின் குறிப்பேடுகளும், கடற்படையினரின் அறிக்கைகளும் அவர்களுக்குச் சான்றுகளாயின. ஆனால் இன்னொரு சான்று அந்தத் துறைமுகத்தின் அடியிலேயே கிடக்கிறது. அதை எழுதிவைத்த புலவன் எவனும் இல்லை. எழுதுவித்த அரசன் எவனும் இல்லை. ஆகவே அது எவரையும் புகழவுமில்லை, எவரையும் மறைக்கவுமில்லை. கிண்ணியாவின் கடற்றொழிலாளி வலையை இழுக்கும்போது அதன் கண்களில் அப்பிக்கொண்டு வருகிறதே, அந்தக் கரிய சேற்றைத்தான் சொல்கிறேன்.

'ஆறு கெட்டுவிட்டது' என்று நாம் சாதாரணமாகப் பேசிக்கொள்கிறோம். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வாக்கியத்தின்முன் சற்று நின்று நோக்க வேண்டும். இது தன்வினை. ஆறு தானாகவே கெட்டதுபோல் இதில் ஒலிக்கிறது. இதையே பிறவினையில் சொல்வதானால் 'கெடுத்தது யார்' என்ற கேள்வி எழும். எழுவாயைத் தேட வேண்டிவரும். ஆற்றுப் படிவுகளில் கலந்துள்ள இரசாயனப் பொருள்களின் மூலத்தைத் தேடும் விஞ்ஞானம், சுருங்கச் சொன்னால், அந்தத் தன்வினையைப் பிறவினையாக்கும் முயற்சியே. அதனாலேதான் அது ஆய்வுகூடத்தோடு நின்றுவிடாமல் நீதிமன்றம்வரை போகிறது. அதனாலேதான் அதற்கு விரோதிகளும் உண்டு.

முதலில் இடத்தைப் பார்ப்போம். கிண்ணியா தம்பலகாமக் குடாவுக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் இடையில், நீரால் சூழப்பட்டதுபோல் அமைந்த ஊர். 2009ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரையில் திருகோணமலைக்குப் போகவேண்டியவர்கள் 'பாதை' என்று இப்பகுதியார் அழைத்த மிதவையில் ஏறித்தான் போகவேண்டும். வயல், மீன், விறகு, ஆற்றுமணல் ஆகியவையே இவ்வூர்ப் பாமர மக்களின் பிழைப்பு. ஊருக்குக் கிழக்கே, மூதூர் போகும் வழியில், மகாவலி கங்கை கடலில் கலக்கிறது. இந்நதியின் நீளம் 335 கிலோமீற்றர். இலங்கையின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கின் மழைநீர் இதன் வழியாகவே இறங்குகிறது. நுவரெலியாவின் தேயிலைத் தோட்டம், கண்டி நகரின் வாய்க்கால், பொலநறுவையின் வயல்வெளி ஆகிய எல்லாவற்றையும் தொட்டுவந்த நீர் கடைசியில் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் நடுவிலேதான் ஓய்கிறது. தேயிலையின் இலாபம் ஒருபுறம் போயிற்று. அதன் கழுநீர் மறுபுறம் வந்தது.

1659ஆம் ஆண்டின் கடைசியில் புயலில் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் புதுப் பாய்மரம் தேடிக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்ததும், அதில் வந்த றொபேட் நொக்ஸ் 1660இல் கண்டி மன்னன் இராசசிங்கனின் ஆட்களிடம் சிறைப்பட்டதும், அவன் பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பியோடி ஒரு நூல் எழுதியதும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. நமக்கு வேண்டியது அதில் ஒரு சிறு குறிப்பே: நெடிய கப்பலுக்குப் பாய்மரமாகக்கூடிய மரங்களைத் தேடி வரத்தக்க இடமாக அந்நாளில் இக்குடா இருந்தது. அன்றைய படிவில் காட்டின் இலைமக்கும் வெள்ளம் கொண்டுவந்த களிமண்ணுமே கிடந்திருக்கும். அதற்கு மேலே படிந்த ஒவ்வொரு படையும் ஒவ்வொரு ஆட்சியின், ஒவ்வொரு முதலின் கைச்சாத்து.

சேறு எப்படிச் சாட்சி சொல்கிறது என்று கேட்கலாம். நீரில் கரைந்த நஞ்சு ஓடிவிடும்; இன்று அள்ளிய நீரில் நேற்றைய குற்றம் இருக்காது. ஆலைக்காரன் இதை நன்கறிவான். பரிசோதகர் வரும் நாளில் வாயிலை அடைத்துவிட்டு, அவர் போனபின் திறந்துவிட்டால் தீர்ந்தது. ஆனால் ஈயம், செம்பு, பாதரசம் முதலிய உலோகங்களும், எண்ணெயின் கனத்த பகுதிகளும், டி.டி.ரி. போன்ற மருந்துகளும் நீரில் தனித்து நிற்க விரும்புவதில்லை. மெல்லிய களிமண் துகளையும் இலைமக்கையும் பற்றிக்கொண்டு, நீர் தளரும் இடத்தில் அவற்றோடு அடியில் படிந்துவிடுகின்றன. அடுத்த ஆண்டின் சேறு அதன்மேல் படிகிறது. கலங்காத ஓர் இடத்தில் குழாயைச் செங்குத்தாக இறக்கிச் சேற்றுத் தண்டை வெளியே எடுத்தால், மேலிருந்து கீழே போகப்போகக் காலம் பின்னோக்கிச் செல்லும்.

அந்தக் காலத்தைக் கணக்கிடவும் வழியுண்டு. வானிலிருந்து இடைவிடாமல் படியும் ஈயம்-210 என்ற கதிரியக்கப் பொருள் சுமார் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைக் கொண்டு படையின் வயதைச் சொல்லலாம். வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பரீட்சித்த காலத்தில் உலகெங்கும் விழுந்த சீசியம்-137, 1963ஆம் ஆண்டையொட்டி உச்சத்தைத் தொட்டது. நெவாடாவிலும் சோவியத் வடமுனையிலும் வெடித்த குண்டுகள் உலகத்துக் குளங்களிலும் களப்புகளிலும் தேதி முத்திரை குத்திப்போயிருக்கின்றன என்பது கசப்பான வேடிக்கை. கிண்ணியாவுக்குத் தனக்கேயுரிய முத்திரைகளும் உண்டு. 1986 ஏப்ரல் 20ஆம் தேதி கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து, வெள்ளம் வயல்களை அள்ளிக்கொண்டு தம்பலகாமத்தின் பக்கம் பாய்ந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை கிண்ணியாவின் வைத்தியசாலையையும் வீடுகளையும் எண்ணற்ற உயிர்களையும் கொண்டுபோயிற்று. அத்தகைய பேரலை பின்வாங்கும்போது கரையோரக் களப்புகளின் கரிய சேற்றின்மேல் வெண்மணற் படை ஒன்றை விரித்துவிட்டுச் செல்கிறது. அந்த மணற் கோட்டுக்குக் கீழே உள்ளது 2004க்கு முந்தியது. மேலே உள்ளது பிந்தியது. மக்களின் துயரம் விஞ்ஞானத்துக்கு அளவுகோலாவதை எழுதுகையில் மனம் கூசத்தான் செய்கிறது.

இனிப் படைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவோம். மலைநாட்டில் 1830களிலிருந்து கோப்பிக்காகக் காடு அழிக்கப்பட்டது. 1869இல் கண்டுகொள்ளப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. காடிழந்த சரிவுகளின் மேல்மண் மழையோடு நதியில் இறங்கியது. மலையை வெட்டித் திருத்தியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து நடத்திக் கூட்டிவரப்பட்ட ஏழைத் தமிழர்கள். மண்ணுக்குச் சொந்தக்காரர்களோ இலண்டனில் பங்குப் பத்திரம் வைத்திருந்தவர்கள். 1946இல் தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. அதை அடக்கச் செம்பு கலந்த மருந்துகள் தோட்டந்தோறும் தெளிக்கப்பட்டன. செம்பு அழியும் பொருளன்று. இலையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து கங்கைக்கும் அது இறங்கக்கூடியது.

நகரங்களின் பங்கு வேறு. கண்டி வாவியிலிருந்து புறப்படும் மெத எல என்ற வாய்க்கால் நகரத்தின் அழுக்கைச் சுமந்துகொண்டே மகாவலியில் விழுகிறது. கொஹாகொடையில் நகரக் குப்பை நதிக்கரைக்கு அருகிலேயே மலையாகக் குவிக்கப்பட்டது; மழை அதைப் பிழிந்த சாறு எங்கே போகும் என்பதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை.

இனித் துறைமுகம். பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியது முதல் உலக யுத்தத்தையொட்டி. 1914இல் ஆங்கில-பாரசீக எண்ணெய்க் கம்பனியில் அரசாங்கமே பங்கு வாங்கியது. பாரசீகத்தில் தோண்டிய எண்ணெயைக் கீழ்த்திசைக் கப்பல்களுக்கு ஊட்டச் சேமிப்பிடங்கள் தேவைப்பட்டன. அவ்வாறு எழுந்தவையே சீனன்குடாவின் தாங்கிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். இன்றும் 99 தாங்கிகள் காட்டுக்குள்ளே நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாங்கி ஒன்று எரிந்து உருகியது. அதன் நெளிந்த இரும்பு பின்னர் பிரயாணிகளுக்குக் காட்டப்படும் பொருளாயிற்று. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்ற கப்பல் தீப்பற்றி மூழ்கியது. அதை இலங்கைக் கடற்படை 2018இல்தான் மேலே எடுத்தது. 1944 ஓகஸ்டில் 'வேலியன்ற்' என்ற போர்க்கப்பலை ஏந்தியிருந்த மிதக்கும் கப்பற்றுறை முறிந்து அமிழ்ந்தது. எரிந்த எண்ணெயும் அமிழ்ந்த இரும்பும் சுரண்டி எறியப்பட்ட கப்பற் பூச்சும் அடியிலேதான் தங்கின. 1957இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. கொடி இறங்கியது, கொடியோடு சேறு கப்பலேறிப் போகவில்லை.

அடுத்தது மலேரியா. 1934-35ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் இலங்கையில் சுமார் 80,000 பேர் மாண்டனர். யுத்தம் முடிந்ததும் வீடு வீடாக டி.டி.ரி. தெளிக்கப்பட்டது; 1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். தெளிப்பு தளர்ந்ததும் நோய் மீண்டு, 1968-69இல் இலட்சக்கணக்கானோரைப் படுக்கையில் கிடத்தியது. 1977இல் டி.டி.ரி.யின் இடத்தை மலத்தியன் பிடித்தது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஏழையின் குடிசைச் சுவரில் உயிர்காக்கத் தெளித்த மருந்தையும், இலாபத்துக்காக ஆற்றில் திறந்துவிட்ட கழிவையும் ஒரே தராசில் வைத்துப் பேசும் சுற்றுச்சூழல்வாதிகளுடன் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் சேற்றுக்கு நியாயம் தெரியாது. அது இரண்டையும் காத்துவைக்கும். டி.டி.ரி. காலப்போக்கில் டி.டி.ஈ. என்ற பொருளாக மாறுகிறது. படிவில் டி.டி.ஈ. மிகுந்திருந்தால் பழைய தெளிப்பு; டி.டி.ரி. மிகுந்திருந்தால் புதிதாக எவரோ பயன்படுத்தியிருக்கிறார் என்று பொருள். இவ்வளவு எளிய விகிதம் ஒன்று மலேரியா ஊழியனை விடுதலை செய்து களவாக மருந்து விற்றவனைக் காட்டிக்கொடுக்கக்கூடும்.

பசுமைப் புரட்சியோடு பசளையும் களைநாசினியும் கந்தளாய், அல்லை, பொலநறுவை வயல்களுக்கு வந்தன. அதே காலத்தில் 1976இல் பொல்கொல்லையிலும், 1980களில் கொத்மலை, விக்டோரியா, றந்தெனிகல ஆகிய இடங்களிலும், 1990இல் றந்தம்பேயிலும் மகாவலி மறிக்கப்பட்டது. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. அணை நீரைத் தேக்குவதோடு சேற்றையும் தேக்குகிறது. மலைநாட்டுச் செம்பும் கண்டி நகர அழுக்கும் பெரும்பங்கு நீர்த்தேக்கங்களின் அடியிலேயே படிய, கொட்டியாரக் குடாவுக்கு வரும் சேற்றில் அணைகளுக்குக் கீழே உள்ள வயல்களின் பங்கு உயர்கிறது. அதே நதி, அதே கழிமுகம்; ஆனால் 1970ஆம் ஆண்டின் படையும் 1995ஆம் ஆண்டின் படையும் வேறு வேறு நாட்டின் மண். இதை அறியாமல் மேற்படையை மட்டும் அள்ளி ஆராய்ந்தால் தீர்ப்புத் தவறிவிடும்.

இப்போது முக்கியமான கேள்விக்கு வருகிறோம். படையில் செம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டமா, போர்க்கப்பலா, யார் பொறுப்பு? இரு தரப்பாரும் மற்றவரைக் கைகாட்டுவர். விஞ்ஞானி முதலில் துகளின் பருமனைப் பார்ப்பார். மணலில் உலோகம் ஒட்டாது, களியிலேதான் ஒட்டும். ஆகவே மணலையும் களியையும் ஒப்பிடுவது யானையையும் ஆட்டையும் நிறையில் ஒப்பிடுவதற்குச் சமம். பின்னர் அந்த உலோகம் எந்தத் திசையில் பெருகுகிறது என்று பார்ப்பார். நதி வாயிலிருந்து மேலே போகப்போகச் செம்பு கூடினால் குற்றம் மலையில். சீனன்குடா நோக்கிப் போகப்போகக் கூடினால் குற்றம் துறைமுகத்தில். மூன்றாவதாக, அதன் கூட்டாளிகளைத் தேடுவார். கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாதிருக்கப் பூசிய பூச்சில் செம்போடு வெள்ளீயக் கூட்டுப்பொருள் ஒன்றும் சேர்ந்திருந்தது. சிப்பியினங்களின் பால் உறுப்பையே சிதைக்கும் அந்த நஞ்சைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தம் 2001இல் நிறைவேறி 2008இல் அமுலுக்கு வந்தது. தேயிலைத் தோட்டத்தில் அதற்கு வேலையில்லை. செம்பும் அந்த வெள்ளீயமும் கைகோத்து நிற்கும் இடத்தில் கப்பல் நின்றது என்று துணிந்து கூறலாம்.

எண்ணெய்க்கும் கைரேகை உண்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குமுன் மடிந்த நுண்ணுயிர்களின் எலும்புக்கூடு போன்ற சில மூலக்கூறுகள் எண்ணெயில் எஞ்சியுள்ளன. பாரசீக எண்ணெயின் கூட்டு வேறு, சுமாத்திரா எண்ணெயின் கூட்டு வேறு; வெயிலும் அலையும் மற்றவற்றைத் தின்றாலும் இவை நீண்ட காலம் தப்பிநிற்கும். விறகு எரிந்த புகையில் மரநாரின் சர்க்கரையிலிருந்து பிறந்த லெவோகுளுக்கோசான் இருக்கும். எண்ணெய்ப் புகையில் அது இராது. 'விறகு எரிப்பவரும் வைக்கோல் கொளுத்துபவரும் அல்லவா கரியைச் சேர்த்தனர்' என்று எவராவது கிண்ணியாவின் விறகுகாரன்மேல் பழியைச் சுமத்த வந்தால், அந்தச் சர்க்கரை அவன் பக்கம் சாட்சி சொல்லும். ஈயத்திலோ இன்னும் நுட்பம். ஈயத்தின் சமதானிகளின் விகிதம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறுகிறது. அவுஸ்திரேலியாவின் புறோக்கன் ஹில் ஈயத்தை வேறொன்றிலிருந்து பிரித்தறியலாம். பூமியின் வயதைக் கணித்த கிளேர் பற்றர்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, அதே நுட்பத்தால் பெற்றோலில் கலந்த ஈயம் கடலையும் பனியையும் கெடுத்திருப்பதை 1960களில் எடுத்துக்காட்டினார். எண்ணெய், ஈயக் கம்பனிகள் அவருக்குப் பகையாயின. ஆராய்ச்சிப் பணம் வறண்டது. இலங்கையில் ஈயப் பெற்றோல் ஒழிந்தது 2002இல்.

நிற்க. கருவி இருந்தால் போதுமா? யப்பானின் அனுபவம் போதாது என்கிறது. மினமாட்டாக் குடாவின் கரையில் சிஸோ கம்பனி 1932 முதல் அசற்றல்டிகைட்டு உற்பத்தி செய்து, அதில் பயன்படுத்திய பாதரசத்தைக் கழிவோடு கடலில் விட்டது. 1956 மே 1ஆம் தேதி அந்த விசித்திர நோய் அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட்டது. நோயுற்றவர்கள் மீன் தின்று வாழ்ந்த ஏழைக் கடற்றொழிலாளர். அவர்கள் வீட்டுப் பூனைகளும் ஆடி விழுந்து செத்தன. 1959 யூலையில் குமமோட்டோப் பல்கலைக்கழகத்தார் சேதனப் பாதரசமே காரணம் என்றனர். ஆலையின் வடிகால் வாயில் சேற்றை அளந்தபோது ஒரு தொன்னுக்கு இரண்டு கிலோகிராம் பாதரசம் இருந்தது. வாயிலிலிருந்து விலக விலக அது குறைந்தது. இதைவிட வெளிப்படையான கைச்சாத்து வேண்டுமா? ஆனால் யப்பானிய இரசாயனக் கைத்தொழிலதிபர் சங்கத்தார், யுத்தத்தின் முடிவில் குடாவில் வீசப்பட்ட வெடிமருந்தே காரணம் என்று வாதிட்டனர். பழைய கடற்படையின்மேல் பழியைப் போடுவது எவ்வளவு வசதியானது! திருகோணமலைக்காரர் இவ்விடத்தை இருமுறை வாசிக்கவேண்டும். கம்பனியின் சொந்த வைத்தியர் ஹொசொகவா ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டி, 1959 ஒக்டோபரில் அதற்கு அதே நோய் வந்ததைக் கண்டார். அந்த உண்மை வெளிவராமல் அமுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசெம்பரில், 'காரணம் ஆலைதான் எனப் பின்னர் தெரிந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டோம்' என்ற நிபந்தனையோடு நோயாளிகளுக்கு 'அனுதாபப் பணம்' கொடுக்கப்பட்டது. அரசாங்கம் உண்மையை ஒப்புக்கொண்டது 1968 செப்டெம்பரில். அதுவும் அந்த உற்பத்தி முறை பழையதாகிக் கைவிடப்பட்ட பிறகு. ஒன்பது ஆண்டுகளாகக் கழிவு ஓடியது.

அந்தத் தாமதத்தின் விலையை இன்னோர் ஊர் கொடுத்தது. 1965இல் அகனோ நதியின் கழிமுகத்தருகே, நீகாட்டாவில், அதே நோய் தோன்றியது. நதியில் சுமார் 60 கிலோமீற்றர் மேலே கனோசேயில் ஷோவா டென்கோ கம்பனியின் ஆலை அதே பொருளை உற்பத்தி செய்துவந்தது. கம்பனி மறுத்தது. 1964 யூன் மாதத்துப் பூகம்பத்தில் துறைமுகப் பண்டகசாலையிலிருந்து பயிர்மருந்து சிதறி, கடல்நீரோடு ஆற்றுக்குள் ஏறியது என்றது. மேலேயிருந்து வந்ததா, கீழேயிருந்து ஏறியதா? சாட்சி சொன்னது ஒரு பாசி. ஆலையின் வடிகாலருகே வளர்ந்த பாசியில் மெதைல் பாதரசம் இருந்தது. கடல்நீர் அவ்வளவு தூரம் ஏறிப்போகாது. எனினும் ஆலைக்குள்ளே கருவிகள் பிரிக்கப்பட்டுவிட்டன. உள்ளே நடந்ததைக் காட்ட நோயாளிகளிடம் எதுவுமில்லை. 1971 செப்டெம்பர் 29ஆம் தேதி நீகாட்டா நீதிமன்றம் ஒரு வழி சொன்னது. நோய்க்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பையும், அப்பொருள் நோயாளியை வந்தடைந்த பாதையையும் ஆலையின் வாயிற்கதவு வரையில் மக்கள் காட்டிவிட்டால் போதும். அதற்குமேல், 'நான் அல்ல' என்று நிரூபிப்பது ஆலையின் பொறுப்பு.

பாட்டாளி மக்களின் தரப்பில் நின்று பார்த்தால் இத்தீர்ப்பின் பெறுமதி பெரிது. ஆலைக்குள் புகுந்து குழாய்களை எண்ண மீனவனால் இயலாது. ஆற்றங்கரையில் சேற்றைத் தோண்ட அவனால் இயலும்.

நம் பக்கத்திலும் இத்தகைய வழக்குகள் உண்டு. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் தோல் பதனிடும் ஆலைகள் குறோமியம் கலந்த கழிவை விட்டுக் கிணறுகளையும் வயல்களையும் பாழாக்கின. வேலூர்ப் பொதுமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஓகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தபோது, கெடுத்தவனே செலவை ஏற்கவேண்டும் என்பதோடு, தன் செயல் தீங்கற்றது என நிரூபிக்கும் சுமை கைத்தொழில் செய்பவனுடையதே என்றும் கூறியது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட வெப்பமானி ஆலையின் பாதரசத்தைச் சுற்றுப்புற மரங்களின் பாசியும் லைக்கனும் காட்டிக்கொடுத்தன. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தபோது, எங்கிருந்து வந்தது என்பதே ஆண்டுக்கணக்கான சண்டையாயிற்று. இலங்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் மின் உற்பத்திக் கம்பனியை இரண்டு கோடி ரூபா செலுத்தும்படி பணித்தது.

மறுபுறத்தையும் சொல்லவேண்டும். சான்று முழுமையடையுமுன் தீர்ப்பெழுதும் அவசரம் நம்மவரிடமும் உண்டு. வரண்ட வலயத்துக் கமக்காரரின் சிறுநீரக நோய்க்குக் கட்மியம் என்றனர், ஆசனிக் என்றனர், களைநாசினி என்றனர். 2015இல் கிளைபொசேற்றுத் தடைசெய்யப்பட்டது. சில ஆண்டுகளில் தடை படிப்படியாக நீங்கியது. நோயின் மூலம் பற்றிய விவாதமோ ஓயவில்லை. தவறான குற்றவாளியைப் பிடித்து வைத்திருக்கும்வரை சரியான குற்றவாளி சுதந்திரமாக உலாவுவான் என்பதை மறக்கலாகாது.

கிண்ணியாவில் இக்கேள்வி வெறும் ஏட்டுச் சுரைக்காயன்று. ஆற்றில் மணல் அள்ளும் ஏழை கீழ்ப் படைகளையும் கிளறிவிடுகிறான். உறங்கிக்கிடந்த பழைய நஞ்சு மீண்டும் நீரேறுகிறது. சட்டத்தின் கை முதலில் எட்டிப்பிடிப்பது அவனைத்தான். அவன் கிளறினான், உண்மை. ஆனால் நஞ்சை அங்கே வைத்தவன் அவனல்லன். கிளறியவனையும் வைத்தவனையும் பிரித்துக் காட்டப் படைகளின் தேதி தேவை.

வரவிருப்பதற்கும் அது தேவை. கொட்டியாரக் குடாவின் தென்கரையில் சம்பூர் மக்கள் 2006இல் யுத்தத்தால் துரத்தப்பட்டபின், அந்நிலத்தில் இந்திய உதவியோடு நிலக்கரி அனல்மின் நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டது. நிலக்கரிப் புகையில் பாதரசம் உண்டு. சாம்பலில் ஆசனிக்கு முதலியன உண்டு. மக்கள் எதிர்த்தனர், வழக்குத் தொடரப்பட்டது, 2016 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்படுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்தில் அறிவித்தது. அந்நிலையம் எழுந்திருந்தால், பத்தாண்டுகளின் பின் மீனில் பாதரசம் கண்டபோது, 'இது எப்போதும் இருந்ததே' என்ற பதில் ஆயத்தமாக இருந்திருக்கும். முன்பு எவ்வளவு இருந்தது என்று அளந்துவைத்திராத ஊருக்கு அப்பதிலை மறுக்க வாயில்லை. சீனன்குடாவின் தாங்கிகள் விடயமும் இத்தகையதே. 2022 சனவரி ஒப்பந்தப்படி 14 தாங்கிகள் இந்தியன் ஒயில் கம்பனியின் இலங்கைக் கிளைக்கும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கும் எனப் பங்கிடப்பட்டன. எண்பது ஆண்டுகளுக்குமுன் சிந்திய எண்ணெயும் இனிச் சிந்தக்கூடிய எண்ணெயும் ஒரே சேற்றில் படியும். கைரேகை முன்கூட்டியே பதிவாகியிருந்தாலன்றி, புதியவன் பழையவனின் நிழலில் ஒளிந்துகொள்வான்.

சேற்றுத் தண்டு எடுப்பதற்குப் பெரிய கப்பல் வேண்டியதில்லை. தம்பலகாமக் குடாவின் கண்டற் காடுகளினருகே, படகோட்டமும் மணல் அள்ளலும் இல்லாத அமைதியான இடத்தில், ஒரு மீற்றர் நீளமான குழாயை இருவர் அழுத்தி இறக்கி, மேல்வாயை இறுக அடைத்து இழுத்தால் தண்டு வெளியே வரும். அதை ஒவ்வொரு சென்ரிமீற்றராக அறுத்து, தேதியும் இடமும் எழுதி, குளிரில் வைக்கவேண்டும். உலோகம் தேடுவதற்கென்றால் உலோகக் கத்தி கூடாது, எண்ணெய் தேடுவதற்கென்றால் பிளாஸ்ரிக் உறை கூடாது. ஆய்வுச் செலவுக்குப் பல்கலைக்கழகங்களின் உதவி வேண்டும். ஆனால் சேகரித்துக் காத்துவைக்கும் வேலையை ஒரு பாடசாலை விஞ்ஞான ஆசிரியரும் உயர்தர வகுப்பு மாணவரும் செய்துவிடலாம். மூன்று இடங்கள் இன்றியமையாதவை: மகாவலியின் வாய்க்குச் சற்று உள்ளே, சீனன்குடாவின் கரையோரம், இரண்டுக்கும் ஒதுங்கிய தம்பலகாமக் குடாவின் உட்புறம். மூன்றாவது, மற்ற இரண்டையும் ஒப்பிடுவதற்கு. ஆழிப்பேரலையின் வெண்மணற் கோடு எந்த ஆழத்தில் தென்படுகிறது என்பதை அறுக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் காய்ந்துவிட்டால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது.